சாம்போவின் அப்பா யார்?

ரஷ்யாவில் சாம்போ சொல்லித்தரும் கூடங்களில் நவம்பர் 16 விசேஷமான நாள். 1938-ல் அந்தத் தேதியில்தான் சோவியத் அரசின் விளையாட்டுக் குழு இந்த மல்யுத்தத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டு, நாடு முழுக்கப் பரப்பச் சொல்லி உத்தரவு போட்டது. அதையே பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டி வைப்பார்கள், பழைய வீரர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்வார்கள், கடைசியில் தேநீரும் கேக்கும் உண்டு. அந்த உத்தரவு வருவதற்குப் பதிமூன்று மாதம் முன்னால், இந்தக் கலையைத் தன் கையால் வளர்த்த மனிதர் மாஸ்கோவின் புத்திர்கா சிறையில் செத்துப்போயிருந்தார். ஜப்பானிய உளவாளி என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. பெயர் வசீலி ஒஷ்செப்கோவ்.

தாத்தார்ஸ்தான் குடியரசின் தலைநகரான காசானில் மருத்துவம் படித்த காலத்தில்தான் எனக்கு சாம்போ பழக்கமானது. நம்மூர்ப் பிள்ளைகள் ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போவது இப்போது சாதாரண விஷயம். விடுதி, வகுப்பு, சமையல், மறுபடி விடுதி என்று ஆறு வருஷமும் ஓடிவிடும். டிசம்பரில் பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கும் ஊரில் சாயங்காலத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய பாடு. விடுதிக்குப் பக்கத்திலிருந்த விளையாட்டுக் கூடத்தில் சாம்போ வகுப்பு நடந்தது, கட்டணமும் குறைவு. சேர்ந்துவிட்டேன். அதற்கு முன்னால் எனக்கும் சண்டைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

உடையைப் பார்த்தாலே பாதிக் கதை புரியும். மேலே கெட்டித் துணியில் தைத்த இறுக்கமான சட்டை, குர்த்கா என்பார்கள். சிவப்பு, நீலம், இரண்டே நிறம்தான். தோளில் சின்ன இறக்கை மாதிரி துணி தைத்திருக்கும், எதிராளி பிடிக்க வசதியாக. இடுப்புப் பட்டையைச் சட்டையிலேயே இருக்கும் துளைகள் வழியாக நுழைத்துக் கட்ட வேண்டும். அதனால் ஜூடோ உடைபோல அது அவிழ்ந்து தொங்காது. கீழே அரைக்கால் சட்டை. காலில் மெத்தென்ற தோல் காலணி, கூரான விளிம்பு எதுவும் வெளியே துருத்தாமல் தைத்தது. இடுப்புக்கு மேலே ஜப்பான், கீழே மல்யுத்த வீரன். இந்தச் சேர்க்கையை யார் செய்தார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார்கள்.

விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நின்றபடியே இருக்க, எதிராளி முதுகு தரையில் படும்படி விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அவனோடு நீங்களும் சேர்ந்து விழுந்தால் நாலு புள்ளி. பக்கவாட்டில் விழுந்தால் குறைவு, வயிற்றிலோ பிட்டத்திலோ விழுந்தால் இன்னும் குறைவு. இருபது விநாடி அமுக்கிப் பிடித்தால் நாலு புள்ளி. எட்டுப் புள்ளி முன்னேறிவிட்டால் மேற்கொண்டு ஆட வேண்டாம், வென்றாயிற்று. கை மூட்டையும் கால் மூட்டையும் பூட்டிச் சரணடைய வைக்கலாம். கழுத்தை நெரிப்பது விளையாட்டுச் சாம்போவில் கூடாது. பூட்டில் சிக்கியவன் இரண்டு முறை தட்ட வேண்டும், அல்லது ‘யெஸ்த்!’ என்று கத்த வேண்டும். முதல் சில வாரங்கள் எங்கள் கூடத்தில் அதிகமாகக் கேட்ட ‘யெஸ்த்’ என்னுடையதுதான்.

பயிற்சியாளர் சொன்ன வரலாறு சுருக்கமானது. ஜார்ஜியர்களின் சிதவோபா, தாத்தார்களின் கொரெஷ், உஸ்பெக்குகளின் குராஷ், ஆர்மீனியர்களின் கோஹ், மால்தாவியர்களின் திரிந்தா என்று சோவியத் மக்களின் மல்யுத்தங்களில் இருந்த நல்ல பிடிகளையெல்லாம் பொறுக்கியெடுத்து அனதோலி கர்லாம்பியெவ் சாம்போவைப் படைத்தார். அவ்வளவுதான். கேட்க நன்றாக இருந்தது. கூடத்தில் தாத்தார் இருந்தார்கள், ரஷ்யர் இருந்தார்கள், ஓர் உஸ்பெக் பையன் இருந்தான், நானும் இருந்தேன். கதைக்குப் பொருத்தமான கூட்டம்.

ஆனால் அங்கே நாங்கள் தினமும் பழகிய அடிப்படை எறிதல்களை ஜூடோ தெரிந்த எவனிடமாவது காட்டினால் சிரிப்பான். இடுப்பில் ஏற்றிப் போடுவது, தோளுக்கு மேலே போடுவது, உள்கால் கொக்கி, வெளிக்கால் கொக்கி எல்லாவற்றுக்கும் ஜப்பானியப் பெயர் இருக்கிறது. ரஷ்யாவில் அவை ரஷ்யப் பெயரோடு உலவுகின்றன. விழும்போது கையால் தரையை அடித்து வேகத்தைக் கழிப்பதும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். கைமூட்டுப் பூட்டில் படுத்தபடி எதிராளியின் முழங்கையை இடுப்பின் மேல் வைத்து நீட்டுகிறோமே, அது ஜூடோவின் தாய்ப்பள்ளியான கோடோகானின் பாடத்திட்டத்தில் இருப்பது. இத்தனை ஜப்பான் எப்படி வந்தது?

ஒஷ்செப்கோவ் வழியாக வந்தது. சகாலின் தீவு ஜார் காலத்தில் தண்டனைக் கைதிகளை அனுப்பும் இடம். அங்கே அனுப்பப்பட்ட ஒரு கைதிப் பெண்ணுக்குப் பிறந்தவர் அவர். பதினோரு வயதில் அநாதை. 1907-ல், ரஷ்ய–ஜப்பான் போர் முடிந்து இரண்டே வருஷத்தில், டோக்கியோவில் ரஷ்ய மரபுத் திருச்சபை நடத்திய குருமடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பாதிரியாராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ ஆக வேண்டிய பையன். அந்தப் பள்ளியில் ஜூடோவும் சொல்லிக்கொடுத்தார்கள். 1911-ல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் கோடோகானில் சேர்ந்தார், 1913-ல் முதல் டான், அதாவது கறுப்புப் பட்டையின் முதல் படி, வாங்கினார். கறுப்புப் பட்டை பெற்ற முதல் ரஷ்யர் அவர்தான். 1917-ல் இரண்டாம் டான். நடுவில் 1914-லேயே விளாதிவஸ்தோக்கில் ஜூடோ வகுப்பு தொடங்கிவிட்டார். ரஷ்யாவில் ஜூடோவின் கதை அங்கேதான் ஆரம்பம்.

ஜப்பானியம் சரளமாகப் பேசும் ரஷ்யனைப் புரட்சிக்குப் பிறகு ராணுவம் சும்மா விடுமா? மொழிபெயர்ப்பாளர் வேலை, அப்புறம் ஜப்பானிலேயே சோவியத் ராணுவ உளவு வேலை. திரும்பி வந்து நவசிபீர்ஸ்க், 1929-ல் மாஸ்கோ. செஞ்சேனை அதிகாரிகளுக்கும் உடற்கல்விக் கல்லூரி மாணவர்களுக்கும் பாடம் எடுத்தார். அவர் கற்பித்தது அப்படியே கோடோகான் ஜூடோ இல்லை. ராணுவத்துக்குத் தேவையானதைச் சேர்த்தார், சடங்கைக் குறைத்தார், பிற மல்யுத்தங்களிலிருந்து எடுத்துக்கொண்டார். கலப்பு அவரிடமே தொடங்கிவிட்டது. அவருடைய மாணவர்களில் ஒருவர்தான் அனதோலி கர்லாம்பியெவ்.

இன்னொரு ஓடையும் உண்டு. விக்தர் ஸ்பிரிதோனவ் என்ற பழைய ராணுவ அதிகாரி முதல் உலகப்போரில் படுகாயம் பட்டவர். 1923-ல் தொடங்கிய டைனமோ சங்கத்தில் அவர் தற்காப்பு கற்றுத்தந்தார். டைனமோ என்றால் ரகசியப் போலீஸ்காரர்களின் விளையாட்டுச் சங்கம். அவருடைய வழி பழைய ஜப்பானியக் கைச்சண்டையான ஜுஜுத்சுவை ஒட்டியது. உடல் பலம் குறைந்தவனும் ஆளை மடக்கும் விதமாக, மணிக்கட்டுத் திருகல், வலிப்பிடி என்று போகும். கூட்டிக்கொண்டு போகும் ஆளை மடக்குவதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் இருந்தது. ஆயுதமில்லாத் தற்காப்பு என்ற ரஷ்யச் சொற்றொடரின் சுருக்கம்தான் சாம்போ. அந்தப் பெயரின் வேர் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஒஷ்செப்கோவின் வழியோ விளையாட்டும் ராணுவமும். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

1937 அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவு ஒஷ்செப்கோவைக் கைது செய்தார்கள். பத்து நாளுக்குள் சிறையிலேயே இறந்தார், இதய நோய் என்று காகிதத்தில் எழுதினார்கள். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டு. சிறையில் மாத்திரை கிடைத்திருக்குமா என்று ஒரு மருத்துவனாக நான் யோசித்துக்கொண்டே இருப்பதுண்டு. அவரைப் பிடித்துக்கொண்டு போன துறையின் ஆட்களுக்குத்தான் ஸ்பிரிதோனவ் டைனமோவில் பாடம் நடத்திவந்தார்.

இப்போது மாணவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். வாத்தியார் ஜப்பான் உளவாளி. வாத்தியார் கற்றுத்தந்தது ஜப்பானியக் கலை. அந்தச் சொல்லை வாயில் எடுத்தாலே அடுத்த கைது நீதான். 1938-ல் பயிற்சியாளர்கள் மாஸ்கோவில் கூடியபோது கர்லாம்பியெவ் எழுந்து, இது சோவியத் மக்களின் பாரம்பரிய மல்யுத்தங்களிலிருந்து பிறந்த ‘சுதந்திர மல்யுத்தம்’ என்று விளக்கினார். ஜப்பான் இல்லை, ஜூடோ இல்லை, ஒஷ்செப்கோவ் இல்லை. நவம்பரில் உத்தரவு வந்தது. 1939-ல் லெனின்கிராத்தில் முதல் தேசியப் போட்டி நடந்தது. சாம்போ என்ற பெயரே போருக்குப் பிறகுதான் இந்த விளையாட்டுக்கு நிலைத்தது.

கர்லாம்பியெவ் துரோகியா? கூடத்தில் இதைப் பற்றிச் சண்டையே போட்டிருக்கிறோம். என் கட்சி இதுதான்: 1938-ல் அவர் சொன்ன பொய் இல்லாவிட்டால் சாம்போவே இருந்திருக்காது, அதற்கு அவருக்குக் கும்பிடு போடலாம். 1957-ல் ஒஷ்செப்கோவ் நிரபராதி என்று அரசே அறிவித்துவிட்டது. கர்லாம்பியெவ் 1979 வரை உயிரோடு இருந்தார், படைப்பாளி என்ற பட்டமும் அவரிடமே இருந்தது. அந்த இருபத்திரண்டு வருஷத்துக்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை. 1980களில் மிகாயில் லுகாஷெவ் போன்றவர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி எழுதிய பிறகுதான் ஒஷ்செப்கோவின் பெயர் வெளியே வந்தது. இன்று விளாதிவஸ்தோக்கில் அவருக்குச் சிலை இருக்கிறது, சாம்போ கூட்டமைப்புகளும் ஒஷ்செப்கோவ், ஸ்பிரிதோனவ், கர்லாம்பியெவ் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்கின்றன.

(காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தான் சீனாவுக்கே சண்டை சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டு வளர்ந்தவன் நான். கலைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறவர்களைப் பற்றி இந்த 1938 கதை தெரிந்த பிறகு எனக்கு ஒரு கண் எப்போதும் சுருங்கியே இருக்கிறது.)

இதோடு ‘எல்லாம் பொய், சாம்போ என்பது ஜப்பான் சரக்கு’ என்று முடித்துக்கொள்கிறவர்கள் நிறைய. இணையத்தில் ஜூடோக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள். தரையில் உருண்டு பார்த்தவனுக்கு அது பாதிதான் உண்மை என்று தெரியும்.

என்னோடு ஜோடி போட்டுப் பழகிய தாத்தார் பையன் கிராமத்திலிருந்து வந்தவன். சின்ன வயதிலிருந்தே சபந்தூய் திருவிழாவில் கொரெஷ் ஆடியவன். ஜூன் மாதத்தில் தாத்தார்ஸ்தான் முழுக்க நடக்கும் விழா அது. வெல்கிறவன் உயிருள்ள செம்மறிக்கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு போவான். கொரெஷில் இருவரும் ஒரு துண்டை எதிராளியின் இடுப்பைச் சுற்றிப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு மோத வேண்டும். கால் போட்டு இடறக் கூடாது. அதனால் தூக்குவதைத் தவிர வேறு வழியே இல்லை. இவன் சாம்போவுக்கு வந்த பிறகும் அதையேதான் செய்தான். என் சட்டைக் காலரைத் தேடவே மாட்டான். இரண்டு கையும் நேராக என் முதுகுப் பக்கம் பட்டைக்குப் போகும், மார்பு மார்போடு ஒட்டும், முழங்கால் ஒரு விரற்கடை மடங்கும். அடுத்த நொடி என் கால் இரண்டும் தரையில் இருக்காது. அவன் பின்னால் வில்லாக வளைந்து, காற்றிலேயே திரும்பி, என்னைத் தன் பக்கத்தில் சாத்திவிடுவான். பயிற்சியாளர் ஓரத்திலிருந்து ‘காலைப் போடுடா, கால் எதற்கு இருக்கிறது!’ என்று கத்திக்கொண்டே இருப்பார். அவன் கேட்கவே மாட்டான். அந்த எறிதல் கோடோகானிலிருந்து வரவில்லை, அவனுடைய தாத்தாவிடமிருந்து வந்தது.

ஜார்ஜியர்கள் இன்னும் தெளிவான சாட்சி. சிதவோபாவில் கைக்கட்டையான, பட்டை கட்டிய ஒரு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, மேளமும் சூர்ணா என்ற ஊதுகுழலும் முழங்க ஆடுவார்கள். 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை அது. எதிராளியின் தோளுக்கு மேலே கையை வீசி முதுகுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு இடுப்போடு இடுப்பாக ஒட்டுவது அவர்கள் பழக்கம். ஜூடோவில் எதிராளியை ஒரு கை தூரத்தில் வைத்து, சட்டையை இழுத்து, சமநிலையைக் குலைத்துப் பிறகு எறிவார்கள். ஜார்ஜியனுக்கு அந்த ஒரு கை தூரமே பிடிக்காது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 78 கிலோ ஜூடோவில் தங்கம் வென்ற ஷோதா கபரெலி அப்படிப்பட்டவர்தான். அவர் போட்ட ஒரு தூக்கு எறிதலுக்கு உலக ஜூடோவில் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1938-ல் கர்லாம்பியெவ் சொன்னது உயிர் தப்பச் சொன்ன கதை. அதை நம்பி அரசு கூடங்களைக் கட்டியது, எல்லாக் குடியரசுகளிலிருந்தும் பையன்கள் வந்தார்கள், ஒவ்வொருவனும் ஊர்ப் பழக்கத்தோடு வந்தான். விதிகளும் ‘எந்தப் பிடியும் பிடி’ என்கிற அளவுக்குத் தாராளமாக இருந்ததால் அந்தப் பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. முப்பது வருஷத்தில் அவர் சொன்ன கதை கிட்டத்தட்ட நிஜமாகிவிட்டது.

அது தெரியவந்தது டோக்கியோவில். 1964 ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்க்கப்படுகிறது என்றதும் சோவியத் ஒன்றியம் ஜூடோக்காரர்களைத் தேடவில்லை. சாம்போக்காரர்களுக்கு ஜூடோ சட்டையை மாட்டிவிட்டது. 1962-ல் எஸ்ஸென் நகரில் ஐரோப்பியப் போட்டியில் இறங்கினார்கள். டோக்கியோவில் நாலு வெண்கலம்: ஒலெக் ஸ்தெப்பானவ், அரோன் பகல்யூபவ், பர்னவாஸ் சிக்விலாட்ஸே, அன்சோர் கிக்னாட்ஸே. கடைசி இருவரும் ஜார்ஜியர்கள். 1972 மியூனிக்கில் ஷோதா சோசிஷ்விலி தங்கமே வாங்கினார், அவரும் ஜார்ஜியர். தரையில் குப்புறப் படுத்திருப்பவன்மேல் உருண்டு கையைப் பறித்துப் பூட்டும் முறையை அலெக்சாந்தர் யாத்ஸ்கெவிச் போன்றவர்கள் காட்டிய பிறகு உலகம் முழுக்க ஜூடோக்காரர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். டோக்கியோவிலிருந்து ஓர் அநாதைப் பையன் எடுத்துவந்த பூட்டு இப்படிச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பியது.

சாம்போவில் எனக்கு மிகவும் பிடித்தது கால் பூட்டு. ஜூடோ போட்டியில் அது எப்போதோ தடையாகிவிட்டது. 2013-லிருந்து நின்றபடி எதிராளியின் காலைக் கையால் பிடிப்பதும் கூடாது. சாம்போவில் இரண்டும் உண்டு. ‘அகில்லெஸ்’ என்று கூடத்தில் சொல்வது இது: எதிராளியின் பாதத்தை அக்குளில் கவ்வி, முன்கையைக் குதிகாலுக்குச் சற்று மேலே அடியில் கொடுத்து, இடுப்பைத் தூக்கிப் பின்னால் சாய வேண்டும். புதியவன் முன்கையின் சதைப் பக்கத்தைக் கொடுப்பான். எதிராளி சிரித்துக்கொண்டே படுத்திருப்பான். கட்டைவிரல் பக்கத்து எலும்பின் விளிம்பு மேலே வரும்படி மணிக்கட்டை ஒரு கால்வட்டம் திருப்புங்கள், சிரிப்பு நின்றுவிடும். கெண்டைக்கால் தசைகளெல்லாம் சேர்ந்து குதிகால் எலும்பில் இறங்கும் தசைநாண் அங்கே தோலுக்குக் கீழேயே இருக்கிறது. நடுவில் மெத்தை எதுவும் இல்லை. காலையில் உடற்கூறு வகுப்பில் இடுக்கியால் தூக்கிப் பார்த்த வெள்ளைக் கயிறு சாயங்காலம் என் காலில் கத்தியது. நான் அதிகமாகப் படித்த பாடநூல் பக்கம் அதுதான்.

குதிகாலைப் பிடித்துத் திருகும் பூட்டு மட்டும் விளையாட்டுச் சாம்போவில் கூடாது. சரியான தடை. நேராக நீட்டும் பூட்டில் வலி முதலில் வரும், சேதம் பிறகு வரும். தட்டிவிட நேரம் இருக்கும். திருகலில் முழங்காலின் தசைநார்கள் போன பிறகுதான் வலியே தெரியும். ஒரு முழங்கால் எப்படி வீங்கும் என்று வார்டில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடியும் உதையும் நெரிப்பும் சேர்ந்த போர்ச் சாம்போ தனி வகை. தலைக்கவசம், கையுறை, முழங்காலுக்குக் கீழே காப்பு எல்லாம் உண்டு. ஃபியோதர் எமெல்யானென்கோவும் கபீப் நுர்மகமேதவும் அந்தப் பக்கம் ஆடியவர்கள். கபீப் 2009, 2010 உலகச் சாம்பியன். சாம்போ என்றால் இன்று வெளிநாட்டில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது இந்த இருவரைத்தான். நான் அந்த வகுப்புக்குப் போகவில்லை. மறுநாள் வார்டுக்குக் கண் வீங்கிப் போய் நிற்க எனக்குத் தெம்பில்லை. 2021-ல் ஒலிம்பிக் குழு சாம்போவுக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது, ஆனால் ஒலிம்பிக் மேடையில் இன்னும் ஏறவில்லை.

ரஷ்யாவுக்குப் படிக்கப் போகிறவர்கள் இதைப் படித்தால்: பெரும்பாலான ஊர்களில் சாம்போ வகுப்பு இருக்கும், ரஷ்ய மொழி தட்டுத் தடுமாறினாலும் சேர்த்துக்கொள்வார்கள், எண்ணிக்கையும் உடலுறுப்புப் பெயர்களும் தெரிந்தால் போதும். முதல் மாதம் வெறும் குட்டிக்கரணமும் விழப் பழகுவதும்தான், சலித்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். காலணி சரியான அளவில் வாங்குங்கள், பெரிதாக இருந்தால் கால் பூட்டில் கழன்று உங்கள் ஜோடியின் முகத்தில் போய் விழும். போட்டிக்குப் போவதாக இருந்தால் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு குர்த்கா வேண்டும், எந்த மூலையில் நிறுத்துவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. பழைய மாணவர்கள் பாதி விலைக்குத் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.